எலுமிச்சம்பழம் நசுங்காத விஜயதசமி

எங்கள் மில்லில் பேட்டரி வண்டி நின்று, அதன் சக்கரத்துக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிடந்து, அதனால் அதை ஓட்டும் வீரபாகுவின் பிழைப்பே போகப் பார்த்த கதையை உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வராது. பாதியில் எழுந்து நின்றுவிடுவேன். அப்படிப்பட்ட காலை அது. அன்றைக்கு அந்த வண்டியைக் கிளப்பியவள் சௌந்திரம். அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

சௌந்திரம் எனக்கு அண்ணி முறை. எங்கள் பக்கத்தில் நங்கை என்றும் சொல்வோம். என் அப்பனும் அவள் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள். மாமனாருக்கு நான்கு பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன் மணியன். அந்த நான்கு பெண்களில் மூன்றாமவளை ஆட்டையாம்பட்டியில் கொடுத்திருந்தோம். அங்கே அவளுடைய நாத்தனார் மகள்தான் சௌந்திரம். பெண் கொடுத்த வீட்டிலேயே மணியனுக்குப் பெண் எடுத்தாயிற்று.

மணியன் அண்ணன் திருச்செங்கோட்டில் மலையடிவாரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று வாக்கில் ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் பெருகின நேரம். லாரிகளைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் மூட்டை மூட்டையாகக் கடைக்கு வரும். அண்ணன் கழற்றுவார். காயில் சுற்றுவது வீட்டில் சௌந்திரம். கம்பி அவள் விரலில் நூல் மாதிரி ஓடும். நெசவுக்கார ஊரில் பிறந்தவள், கணக்காகத்தானே சுற்றுவாள்?

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காத டிரைவர் இல்லை. ஒருநாள் ஒரு ரிக் லாரி செல்ஃப் எடுக்கவில்லை. அண்ணன் வெளியூர் போயிருந்தார். சௌந்திரம் போய்ப் பார்த்தாள், ஒரு நட்டு தளர்ந்திருந்தது, முறுக்கினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. டிரைவர் சந்தோஷமாகச் சாவியைத் திருப்பி அணைத்தான். இவள் என்ன செய்தாள்? மறுபடியும் அதே நட்டைத் தளர்த்திவிட்டு, "இப்ப செல்ஃப் அடிங்கண்ணா" என்றாள்.

"ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? ஓடற வண்டிய நிறுத்திப் பாக்கற?"

"நின்னாத்தானுங்ணா இதுதான் நோவுன்னு தெரியும். இல்லீன்னா அது தானா கெளம்புச்சோ, நான் கெளப்புனேனோ, ஆருக்குத் தெரியும்?"

வண்டி நின்றது. திரும்ப முறுக்கினாள். ஓடியது. அதற்கப்புறம்தான் கையைத் துடைத்தாள். கெட்டதை ஒரு தடவை திரும்ப வரவைத்துப் பார்க்காமல் எந்த வேலையையும் அவள் முடிந்ததாகச் சொன்னதே இல்லை.

எழுபத்தொன்பதில் மணியன் அண்ணன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். பொம்பளை நடத்தும் கடைக்கு லாரி வராது என்று ஆனது. நான் சங்ககிரி ரோட்டில் உள்ள நூல் மில்லில் பேல், அதாவது பஞ்சுக் கட்டு, இறக்கும் ஆளாக இருந்தேன். முதலாளி சின்னுசாமியிடம் சொல்லி அண்ணியைக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

எண்பத்திரண்டில் வந்தது பேட்டரி வண்டி. அடேயப்பா! முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு. பஞ்சு பேலை அடியில் குத்தித் தூக்கி, ஆள் உயரத்துக்கு அடுக்கும். புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை. பஞ்சுக் கிடங்குக்குள் தீப்பொறி பறக்கிற வண்டி ஆகாது என்று இதை வாங்கினார்கள். சீட்டுக்கு அடியில் இருபத்துநான்கு செல் பேட்டரி. சீட்டுக்குப் பின்னால் கதவு வைத்த ஒரு தகரப் பெட்டி, அதற்குள் கன்ட்ரோலர்.

வண்டியின் மோட்டாருக்கு எப்போது கரண்ட் விடுவது, எவ்வளவு விடுவது என்று பார்த்துக்கொள்வது அந்தக் கன்ட்ரோலர்தான். அதில் முக்கியமான உருப்படி கான்டாக்டர். பெடலை மிதித்தால் உள்ளே காந்தச் சுருள் இழுக்கும். வெள்ளி வைத்த இரண்டு பாயிண்ட் 'டக்' என்று ஒட்டும். ஒட்டினால் வண்டி நகரும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான்.

வண்டி விற்ற கம்பெனி ஒயர் போகிற வழியைக் காட்டும் ஒரு படத்தாளும் கொடுத்தது. எல்லாம் இங்கிலீஷ். சௌந்திரம் படித்தது மூன்றாம் வகுப்பு. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றபோது அவள் தானாகப் போய் நின்றாள். தண்ணீர் ஊற்றியதோடு விடவில்லை. மில்லில் கழிந்து கிடந்த கலர் நூலைப் பொறுக்கி, பெட்டிக்குள் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கட்டு கட்டிவைத்தாள். பேட்டரியிலிருந்து வருவதற்குச் சிவப்பு. கான்டாக்டரைத் தாண்டிப் போவதற்குப் பச்சை. பெடலிலிருந்து வருவதற்கு மஞ்சள். ஆறே மாதத்தில் கம்பெனி ஆளை எதிர்பார்க்காமல் வண்டியின் சின்னச் சின்னக் கோளாறெல்லாம் அவளே பார்க்க ஆரம்பித்தாள்.

வண்டி ஓட்ட வீரபாகுவைப் போட்டார்கள். என்னோடு பதினான்கு வருஷம் பேல் தூக்கியவன். இடுப்பு எலும்பு விலகி, குனிந்தால் நிமிர முடியாத நிலைமைக்கு வந்திருந்தான். வண்டி சீட்டில் ஏறின பிறகுதான் அவன் முகத்தில் மனுஷக் களை வந்தது. சீட்டை விட்டு இறக்கினால் அவனால் திரும்பப் பேல் தூக்க முடியாது. அது மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

எண்பத்துமூன்று ஆயுத பூஜை. மில் முழுக்கக் கழுவி, தோரணம் கட்டி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். பேட்டரி வண்டிக்கு முதலாளி சம்சாரம் சாரதாமணி அம்மாவே வந்து பொட்டு வைத்தார்கள். கொம்பு நிற்கிற இரும்புத் தூணில் ரூபாய் அகலத்துக்குக் கெட்டியாக ஒரு பொட்டு. பூஜைத் தட்டைச் சுற்றிச் சுமங்கலிகள் மட்டும். சௌந்திரம் கிடங்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். முதலாளியின் தாயார் ஆத்தாயி, "நீ அக்கட்டுப் போய் நில்லு அம்மிணி" என்று இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றாள். பொரி கடலை வாங்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் விஜயதசமி. நிறுத்தி வைத்த மெஷினை நல்ல நேரத்தில் கிளப்ப வேண்டும். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். மற்ற மெஷினெல்லாம் ஓடிற்று. கடைசியாகப் பேட்டரி வண்டி. முன் சக்கரம் இரண்டின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வீரபாகு வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினான். முதலாளி, அவர் தாயார், சம்சாரம், நாங்கள் அறுபது எழுபது பேர், எல்லாரும் சுற்றி நிற்கிறோம்.

பெடலை மிதித்தான். 'டக்.'

வண்டி நகரவில்லை.

விட்டு விட்டு மிதித்தான். டக், டக், டக். சத்தம் வருகிறது. சக்கரம் அசையக் காணோம். பழம் அப்படியே மஞ்சளாக உட்கார்ந்திருக்கிறது!

ஆத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "போச்சு! நல்ல நாளும் அதுவுமா பழம் நசுங்கலியே! டேய் சின்னுசாமி, இவன் சாவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தவனாமே? தீட்டோட ஏறி உக்காந்தா எந்த வண்டி நவுரும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அது அவன் பொண்டாட்டியோட தாய்மாமனுங்க. ஜலகண்டாபுரத்துல. பங்காளி இல்லீங்க, பத்து நாள் தீட்டெல்லாம் கெடையாதுங்க" என்றேன்.

"உன்னை ஆருடா பஞ்சாயத்துக்குக் கூப்புட்டா?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பத்தைந்து. "வீரபாகு, கீழ எறங்கு. சௌந்திரம், என்னன்னு பாரு. நேரத்துக்குள்ள கெளம்பலீன்னா இந்த வண்டியும் வேண்டாம், அதை ஓட்டுனவனும் வேண்டாம்."

வீரபாகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

சௌந்திரம் ஓடவும் இல்லை, பதறவும் இல்லை. முதல் வேலையாக, "ராசண்ணா, முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில கட்டை குடுங்க" என்றாள். ராசு இன்னொரு டிரைவர். அவள் கை உள்ளே இருக்கும்போது வண்டி பாய்ந்துவிடக் கூடாது, அதற்காக. சக்கரம் தரையை விட்டு நான்கு விரல் எழும்பியது. பழம் அடியில் அப்படியே கிடந்தது. அவள் பெட்டிக் கதவைத் திறந்தாள். என்னைக் கூப்பிட்டு டெஸ்ட் லாம்பைக் கையில் கொடுத்தாள். இரண்டு லாரி பல்பை வரிசையாகக் கோர்த்து அவளே செய்தது. ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டியாயிற்று.

"சிவப்பு நூல்ல வைய்யி தம்பி."

வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பேட்டரி சரி, ஃபியூஸ் சரி.

"ராசண்ணா, ஏறிப் பெடலை மிதிங்க. தம்பி, இப்பப் பச்சையில வைய்யி."

டக் என்றது. பல்பு எரியவில்லை!

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சாமான், அந்தக் கான்டாக்டர். சத்தம் வருகிறது, காந்தச் சுருள் இழுக்கிறது, ஆனால் கரண்ட் தாண்டவில்லை. எனக்கே விளங்கிவிட்டது. "அண்ணி, சிக்கிடுச்சு!" என்று கத்தினேன்.

பேட்டரிப் பிளக்கைப் பிடுங்கினாள். கான்டாக்டர் மூடியைக் கழற்றினாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளிப் பாயிண்ட் நடுவில், மிளகு அகலத்துக்குக் காய்ந்து இறுகிய சந்தனம். அதன் மேல் துளிக் குங்குமம்.

அண்ணி என் பக்கம் சாய்ந்தாள். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாந்தான் தம்பி வெச்சேன். நேத்து எல்லாரும் போனதுக்கப்புறம்" என்றாள்.

வேறு பேச்சுப் பேச நேரமில்லை. துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தாள். வெள்ளிப் பாயிண்டுக்கு உப்புத்தாள் போடக் கூடாது, தேய்ந்துவிடும். துணிதான். துடைத்து, மூடி, பிளக்கைச் செருகி, "மிதிங்கண்ணா!" என்றாள். ராசு மிதித்தான். விர்ர்ரென்று சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. கூட்டம் கை தட்டி ஆர்ப்பரித்தது. சந்தோஷத்தில் நான் பல்பைப் போட்டு உடைக்கப் பார்த்தேன்.

அதில்தான் வந்தது வினை. ஆத்தாயி கையைத் தூக்கி, "பாத்தீங்களா! அவன் எறங்குனான், ராசு ஏறுனான், வண்டி கெளம்பிருச்சு. நாஞ் சொன்னா ஆரு கேக்கறீங்க?" என்றார்கள்.

கூட்டத்தில் பாதித் தலை ஆமாம் என்று ஆடியது. முதலாளி வீரபாகு பக்கம் திரும்பினார். "நாளையிலிருந்து நீ கேட்டுக்குள்ள வர வேண்டாம்ப்பா. எங்கம்மா மனசு சங்கடப்படுது. ராசு, கட்டையை எடுத்துட்டுப் பழத்துமேல ஏத்து."

மணி பத்து அடிக்க இரண்டு நிமிஷம். ராசு கட்டையை எடுக்கக் குனிந்தான். வீரபாகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். சௌந்திரம் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வண்டி ஓடியாயிற்று, அவளுக்குப் பேரும் கிடைத்தாயிற்று.

சடக்கென்று பேட்டரிப் பிளக்கைப் பிடுங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"நிறுத்துங்க! வேலை இன்னும் முடியலீங்க."

"ஓடுதேம்மா? இன்னும் என்ன?" என்றார் முதலாளி.

"எதனால நின்னுச்சுன்னு சொல்லலீங்களே. வீரபாகுனால நிக்கலீங்க. என்னாலதான் நின்னுச்சு. நேத்து கான்டாக்டர் பாயிண்ட்டுல நான் சந்தனப் பொட்டு வெச்சுப்போட்டனுங்க. அது ராத்திரியில காஞ்சு கரண்டை மறிச்சிருச்சு."

ஆத்தாயி இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"தாலியறுத்தவ பொட்டு வெச்சியா? மெஷினுக்கா? அப்பறம் அது எப்புடி நவுரும்? அடக் கருமமே, தீட்டு அவங்கிட்ட இல்லடா, இவகிட்ட!"

இப்போது கூட்டத்தின் மறுபாதித் தலையும் ஆடியது. ஒருவன் பிழைப்பைக் காப்பாற்றப் போய் இவள் பிழைப்பும் சேர்ந்து போகிறதே!

சௌந்திரம் சாரதாமணி அம்மாவைப் பார்த்தாள்.

"சின்னம்மா, நேத்து நீங்க உங்க கையால தூண்ல வெச்ச பொட்டு அங்க அப்படியே காஞ்சிருக்குது. அதுல ஒரு சில்லு பேத்து, இந்தப் பாயிண்ட்டுல நீங்களே வைங்க. பிளக்கு என்ற கையிலதான் இருக்குது, பயப்படாதீங்க."

"எதுக்கு?" என்றார் முதலாளி.

"நிக்குதா ஓடுதான்னு பாக்கத்தானுங்க."

சாரதாமணி அம்மா எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்கள். ஆனால் மாமியார் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மாமியாரை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை பார்த்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தூணுக்குப் போய், நகத்தால் ஒரு சில்லு சந்தனத்தைப் பெயர்த்தார்கள். சௌந்திரம் மூடியைத் திறந்து காட்ட, துளித் தண்ணீர் தொட்டுப் பாயிண்ட்டில் ஒட்டினார்கள். கையில் வளையல் குலுங்கியது. சௌந்திரம் முந்தானையால் நாலு விசிறு விசிறி ஈரத்தை ஆற்றினாள். மூடினாள். பிளக்கைச் செருகினாள்.

"ராசண்ணா, நீங்கதான் ராசியான ஆளாச்சே. மிதிங்க."

டக்.

சக்கரம் நின்றது நின்றபடி!

டக், டக். ராசு எழுந்து நின்று மிதித்துப் பார்த்தான். ஊஹூம்.

"சுமங்கலி கையி, தீட்டில்லாத ஆளு, தூண்ல இருந்த பூஜைப் பொட்டு. இருந்தும் நிக்குதுங்களே!" என்றாள் சௌந்திரம். "இப்ப வீரபாகுவை ஏறச் சொல்லுங்க."

முதலாளி தலையசைத்ததுதான் தாமதம், வீரபாகு இடுப்புவலியை மறந்து ஒரே தாவாகத் தாவி ஏறினான். சௌந்திரம் பிளக்கைப் பிடுங்கி, துணியால் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, மூடி, பிளக்கைச் செருகினாள்.

"மிதி சாமி!"

விர்ர்ரென்று சுழன்றது பாருங்கள்! நாங்கள் போட்ட கூச்சலில் கூரைத் தகரத்துப் புறா எல்லாம் பறந்துவிட்டது.

"மணி! மணியைப் பாருங்கடா!" முதலாளியே கத்தினார். பத்தேகாலுக்கு இரண்டு நிமிஷம் குறைச்சல். ராசு ஜாக்கியைத் தூக்க, நானும் இன்னொருத்தனும் கட்டையை உருவ, வண்டி தொப்பென்று தரையில் இறங்கியது. உருண்டு போன ஒரு பழத்தைச் சாரதாமணி அம்மா எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்கள். வீரபாகு பெடலை மிதித்தான். பச்சக், பச்சக்! இரண்டு பழமும் நசுங்கி, சாறு என் கால் வரைக்கும் தெறித்தது.

ஆத்தாயி "பொட்டிக்குள்ள ஆரும் கைய உடாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டார்கள். முதலாளி மட்டும் நின்றார்.

"ஏம்மா சௌந்திரம், இவ்வளவு தெரிஞ்ச நீ, போயும் போயும் பொட்டிக்குள்ள எதுக்கு வெச்ச?"

"வெளிய வெக்க உடலீங்களே மொதலாளி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னாள். "நாம பாத்துக்கற வண்டி. ஒரு பொட்டு வெக்கோணும்னு இருந்துச்சு. ஆரு கண்ணுலயும் படாத எடம் அதுதான் இருந்துச்சுங்க."

முதலாளி வீரபாகுவைக் கூப்பிட்டு, "பேல் வந்திருக்குது, போய் அடுக்கு" என்றார். அவ்வளவுதான். ஒருவர் வேலையும் போகவில்லை.

மறுவாரம் பெயின்டர் ஆண்டி வந்து அந்தத் தகரக் கதவின் வெளிப்பக்கம் சிவப்புப் பெயின்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டான். யார் சொல்லிப் போட்டான் என்று கேட்டதற்கு, "சின்னம்மா" என்றான்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு ஆத்தாயி வரவில்லை, முழங்கால் வலி என்றார்கள். சாரதாமணி அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, பேட்டரி வண்டி முன்னால் நின்று, சந்தனக் கிண்ணத்தை ஓரமாக நின்ற சௌந்திரத்திடம் நீட்டினார்கள். எல்லாரும் பார்த்தோம். சௌந்திரம் கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். விரல் கிண்ணத்துக்குள் போய்விட்டு வர அவ்வளவு நேரம் பிடித்தது.

சீட்டில் உட்கார்ந்திருந்த வீரபாகு பின்னால் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான்:

"அக்கா, வட்டத்துக்குள்ளயே வைங்க. என்னால மறுபடியும் பேல் தூக்க முடியாதுங்கோ!"